வேலைக்குக் கட்ட ஒரு நல்ல வாட்ச்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலத்தில் மாமாவின் வாட்ச் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு முக்காலி, ஒரு மேசை விளக்கு, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் வாட்ச் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். தாதி, கண்டக்டர், வங்கியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை என்று பலரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். விலை மட்டும் எழுதவில்லை. இன்று எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

கடைக்குப் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். வாட்சைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பின்மூடியில் பொறித்திருப்பதை வாசியுங்கள். அங்கே இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, உடம்பு எந்த உலோகம் என்பது. மற்றது, தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்பது.

உலோகத்தில் ஒரு சின்னச் சொல்லைக் கவனியுங்கள். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மட்டும் இருந்தால் உடம்பும் ஸ்டீல் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று இருந்தால் பின்மூடி மட்டும்தான் ஸ்டீல். மற்றதெல்லாம் பெரும்பாலும் பித்தளை போன்ற சாதாரண உலோகத்துக்கு மேல் பூச்சு. கடையில் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும். ஓரிரண்டு வருடம் வியர்வையும் மழையும் பட்டபிறகு பூச்சு போட்டது பட்டி சேரும் காதுகளில் உரிந்து மஞ்சளாகத் தெரியும். வேலைக்குக் கட்டிப்போகிற வாட்ச் பழசானாலும் நறுவிசாக இருக்க வேண்டும் என்றால் முழு ஸ்டீல் வாங்குங்கள். கீறல் விழுந்தாலும் அதற்கென்று ஒரு களை இருக்கும்.

நம்ம ஊரில் வாட்ச் எதனால் சீக்கிரம் கெட்டுப்போகிறது? விழுந்து உடைவதாலா?

இல்லை, ஈரத்தால். மாமா கடையில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் இதுதான். கீழே போட்டு உடைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் மேசைக்கு வந்த வாட்சுகளில் பெரும்பகுதி உள்ளே துருப்பிடித்தவை. மாமா பின்மூடியைக் கத்திமுனையால் நெம்பித் திறப்பார். விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், தலைமுடியை விடக் கொஞ்சம் தடிப்பு. கெட்டுப்போன வாட்சில் அது தட்டையாகி, ஒரு இடத்தில் அறுந்து, பல்லிடுக்கு நூல் மாதிரித் தொங்கும். பெட்டரிக்குப் பக்கத்தில் பச்சைத் தூள் பூத்திருக்கும். பட்டியில் ஒரு கீறல்கூட இருக்காது, கண்ணாடி பளபளக்கும், ஆனால் மெசின் செத்திருக்கும்.

ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பசறைப் பக்கம் வருட முடிவில் வடகிழக்குப் பருவமழை. இரண்டுக்கும் இடையில் பின்னேரத்து இடிமழை. மழை விட்டால் பனிமூட்டம். ஆக, நம் வாட்ச் வருடம் முழுக்க ஈரத்திலேயே இருக்கிறது. கீழே எழுதியிருக்கும் பதில்களில் பாதிக்கு மேல் அந்த ரப்பர் வளையத்தைப் பற்றியதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘30 மீட்டர்’ என்று போட்டிருக்கிறதே, மழைக்கு அது போதாதா?

அந்த மீட்டர் கணக்கு பலரை ஏமாற்றிவிட்டது. 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அசையாமல் நிற்கும் நீரில் அவ்வளவு ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தை, அதாவது 3 பார் அழுத்தத்தை, புதிதாக இருக்கும்போது ஆய்வுகூடத்தில் தாங்கியது என்றுதான் அர்த்தம். நடைமுறையில் 30 மீட்டர் என்றால் முகம் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், குடையை மீறி விழும் தூறல், அதோடு சரி. 50 மீட்டர் என்றால் கொட்டுகிற மழையில் தோட்டத்துப் பாதையில் நடக்கலாம். 100 மீட்டர் என்றால் ஆற்றில் குளிக்கலாம், நீந்தலாம்.

வெளியில் வேலை செய்கிறவர் 100 மீட்டர் வாங்குங்கள். ஆபிஸ், பள்ளிக்கூடம், வங்கி என்றால் 50 மீட்டராவது வேண்டும். எண்ணே இல்லாமல் ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்று மட்டும் இருந்தால் அதை 30 மீட்டர் மாதிரியே நடத்துங்கள். முழுகி வேலை செய்கிறவர்களின் வாட்சுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்று தனித் தரம் இருக்கிறது. நமக்கு அது தேவையில்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். எத்தனை மீட்டராக இருந்தாலும் சுடுதண்ணீரில் குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். நுவரெலியா குளிரில் சுடுதண்ணீர் இல்லாமல் முடியாதுதான். ஆனால் சூடும் சவர்க்காரமும் சேர்ந்தால் ரப்பர் வளையம் சீக்கிரம் கெடும், ஆவி உள்ளே போகும். சூடு பட்ட வாட்ச் உடனே குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, வெளி ஈரத்தை உறிஞ்சவும் பார்க்கும்.

காலையில் பஸ்ஸில் போகும்போது கண்ணாடிக்குள் புகை மாதிரி மூடுகிறது, பத்து மணிக்குப் போய்விடுகிறது. விட்டுவிடலாமா?

விடவே கூடாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,868 மீட்டர் உயரம். சனவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி விழும் ஊர். வாட்சுக்குள் கொஞ்சம் ஈரக்காற்று அடைபட்டிருந்தால், கண்ணாடி குளிர்ந்ததும் அந்த ஈரம் அதன் உள்பக்கத்தில் படியும். வெயில் ஏறியதும் திரும்பக் காற்றோடு கலந்துவிடும். புகை போனதே தவிர ஈரம் வெளியே போகவில்லை. அன்றைக்கு இருந்தது இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறது, முள்ளையும் சக்கரத்தையும் மெதுவாகத் தின்றுகொண்டு.

கொழும்பில் வாங்கிய புது வாட்ச் ஊருக்கு வந்த முதல் குளிரில் ஒருதரம் லேசாக மூடி, சில நிமிடத்தில் தெளிந்து, பிறகு வரவே இல்லையென்றால் பயப்பட வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தால் வளையம் போய்விட்டது.

வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு. வாட்ச் செய்கிறவர்களும் இதே முறையில்தான் பார்க்கிறார்கள். அவர்கள் சூட்டுத்தட்டில் 40 முதல் 45 பாகை வரை சூடாக்குவார்கள். நாம் கையில் கட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும். வாட்ச் இளஞ்சூடானதும் கண்ணாடியில் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் வைத்து, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். சொட்டு இருந்த இடத்தில் உள்ளே வட்டமாகப் புகை தெரிந்தால் ஈரம் இருக்கிறது. அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பது வேண்டாம். மூடிய வாட்சுக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி எப்படி இழுக்கும்? திறந்து, காயவைத்து, வளையம் மாற்றி மூட வேண்டும்.

பெட்டரி மாற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

நல்ல வாட்சுகள் செத்தது பெரும்பாலும் பெட்டரி மாற்றிய பிறகுதான். பெட்டரி போடுகிறவர் இரண்டு நிமிடத்தில் திறந்து மூடித் தந்துவிடுவார். வளையம் மடிந்து மாட்டியதா, மூடிக்குள் தூசி இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த நிமிடத்திலிருந்து உங்கள் 100 மீட்டர் வாட்ச் 10 மீட்டர்கூட இல்லை.

எனக்கே நடந்தது. முதல் சம்பளத்தில் வாங்கிய வாட்ச். மூன்று வருடம் மழையில் ஒன்றும் ஆகவில்லை. அவசரத்துக்கு வேறு ஊரில், ஒரு கடையில் பெட்டரி போட்டேன். அந்த மாதமே ஆறு மணிக்குக் கீழே ஒரு நீர்த்துளி ஓடியது. மாமா திறந்து பார்த்தார், வளையம் பாதிதான் உட்கார்ந்திருந்தது. எதுவும் பேசாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இப்போதும் நினைவிருக்கிறது.

ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: “அண்ணே, ரப்பரும் மாத்திடுங்க, கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்க.” அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுங்கள். கொட்டுகிற மழைநாளில் திறக்க வேண்டாம், காய்ந்த நாளாகப் பார்த்துப் போங்கள். பெட்டரி இலக்கம் எஸ்.ஆர். என்று தொடங்கினால் அது சில்வர் ஒக்சைட்; எல்.ஆர். என்று தொடங்கினால் அல்கலைன். அளவு ஒன்றுதான், இரண்டும் உள்ளே போகும். ஆனால் அல்கலைன் சீக்கிரம் இறங்கும், கசியவும் செய்யும். எஸ்.ஆர். கேட்டு வாங்குங்கள். ஓய்ந்த பெட்டரியை உள்ளேயே மாதக்கணக்கில் விட்டுவைக்கவும் கூடாது. சில வாட்சுகளில் பெட்டரி முடியும் முன் வினாடிமுள் ஒவ்வொன்றாக நகராமல் இரண்டு நான்கு வினாடியாகத் தாவும். அது பழுது இல்லை, பெட்டரி மாற்றச் சொல்கிறது.

வெயிலே பார்க்காத ஊரில் சோலார் வாட்ச் ஓடுமா?

ஓடும், நம் ஊருக்கு மிகப் பொருத்தமானதும் அதுதான் என்பது என் முடிவு. பனிமூட்ட நாள் நம் கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தாலும், வீட்டுக்குள் எரியும் விளக்கை விட மேகம் மூடிய வானத்தின் வெளிச்சம் பல மடங்கு அதிகம். முழுசாக ஏறினால் சாதாரண சிட்டிசன் ஈகோ-டிரைவ் ஒன்று இருட்டிலேயே ஆறு மாதம் வரை ஓடும். சீக்கோவிலும் கேசியோவிலும் சோலார் உண்டு.

எனக்கு அதில் பிடித்த விஷயம் பெட்டரிச் செலவு மிச்சம் என்பது அல்ல, பின்மூடியை அடிக்கடி திறக்க வேண்டியதில்லை என்பதுதான். தொழிற்சாலையில் ஒழுங்காக மூடி வந்த வாட்ச் பல வருடம் அப்படியே இருக்கும். ஜெர்சிக் கைக்குள் மூடியே கிடக்கும் வாட்ச் மட்டும் பட்டினி கிடக்கும். வாரத்தில் ஒரு நாள் ஜன்னலோரம் வையுங்கள். ஆனால் அடுப்புக்குப் பக்கத்திலோ பஸ் கண்ணாடிக்கு முன்னாலோ வைத்துச் சூடேற்றாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் வாங்கினால் பெட்டரியே வேண்டாமே?

வேண்டாம்தான். கை அசைவில் தானே சாவி ஏறும், பின்னால் சக்கரம் சுழல்வது தெரியும், அழகு. சீக்கோ 5 வகை 1963-இலிருந்து வருகிறது. நம்பி வாங்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு 20, 30 வினாடி கூடக்குறைய ஓடுவது அதற்கு இயல்பு. பெட்டரியில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் ஒரு மாதத்தில் தவறுவதை இது ஒரு நாளில் தவறும். அத்துடன் சுமார் 40 மணித்தியாலம்தான் தாங்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் கழற்றி வைத்தால் திங்கள் காலையில் நின்றிருக்கும். ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடும்போது நேரம் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை என்றால் இன்னொன்று. தூளிலிருந்து இரும்புத்துகள் எடுக்கும் காந்தத்துக்குக் கிட்டப் போனால் ஆட்டோமேட்டிக் காந்தம் ஏறி வேகமாக ஓட ஆரம்பிக்கும். கடையில் ஒரு நிமிடத்தில் இறக்கிவிடலாம், ஆனால் தெரியாமல் ‘மெசின் போச்சு’ என்று விற்றுவிட்டவரைப் பார்த்திருக்கிறேன்.

சாவி கொடுக்கும் பழைய இந்திய எச்.எம்.டி. வாட்சுகள் இன்னும் பல வீட்டில் இருக்கின்றன. எங்கள் வீட்டிலும் ஒன்று, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன சிற்றப்பா கூடலூரிலிருந்து வந்தபோது அப்பாவுக்குக் கட்டிவிட்டது. அதை எல்லாம் விற்காதீர்கள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்டுங்கள், பெரட்டுக்கு, அதாவது காலையில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, வேண்டாம்.

கண்ணாடியில் எது நல்லது?

சஃபையர் லேசில் கீறாது, விலை கூட. மினரல் கண்ணாடி வேலைக்குப் போதும். மணல் பட்டால் கீறும். அக்ரிலிக் லேசில் கீறும், ஆனால் பற்பசை போட்டுத் துணியால் தேய்த்தால் தெளியும், அடிபட்டால் தூளாகாது. சஃபையருக்காக மட்டும் பணம் சேர்ப்பதை விட அந்தக் காசை முழு ஸ்டீலிலும் 100 மீட்டரிலும் போடுங்கள்.

பட்டி தோலா, ஸ்டீலா, ரப்பரா?

தோல் பட்டி சேட்டுக்கும் சேலைக்கும் எடுப்பாக இருக்கும். ஆனால் ஆனி, ஆடி மழையில் ஒரு வாரம் அலமாரியில் வைத்தால் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும், நாற்றமும் வரும். ரப்பர் மாதிரி இருக்கும் ரெசின் பட்டி சில வருடத்தில் ஈரத்தாலேயே விறைத்து, துளைக்குப் பக்கத்தில் வெடிக்கும். ஸ்டீல் பட்டி நீண்டகாலம் வரும். மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்தால் போதும். மழைக்காலத்துக்கு நைலோன் துணிப்பட்டி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைவு, நனைந்தாலும் சீக்கிரம் காயும், ஒரு பக்கத்து ஸ்பிரிங் பின் கழன்றாலும் முழுத்துணி வகையில் வாட்ச் கீழே விழாது. நான் வாரநாளில் அதுதான் கட்டுகிறேன்.

என் வேலைக்கு எது சரி?

தாதியர்: வினாடிமுள் கட்டாயம், நாடி பார்க்க வேண்டுமே. வெள்ளை முகம், கறுப்பு இலக்கம். மணிக்கட்டில் எதுவும் கட்டக்கூடாத வார்டு என்றால் நெஞ்சில் குத்திக்கொள்ளும் வாட்ச்.

தொழிற்சாலை அலுவலர்: அரைத்த கொழுந்தை நொதிக்க வைத்த நேரத்தை நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டிய வேலை. சுழலும் விளிம்பு வைத்த வாட்ச் கைகொடுக்கும். கொட்டிய நேரத்துக்கு விளிம்பைத் திருப்பி விட்டால் கணக்குப் போட வேண்டாம். ஆனால் ரோலருக்குக் கிட்ட எதையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். உணவுச் சுத்த விதிப்படி பல இடங்களில் வாட்சோடு உள்ளே விடவும் மாட்டார்கள். அப்படியானால் வாசல் வரைதான்.

கணக்கப்பிள்ளை, வெளிக்கள உத்தியோகத்தர், கண்டக்டர்: கேசியோ ஜி-ஷாக் அல்லது அதன் பாணியில் ஒரு நல்ல டிஜிட்டல். ஜி-ஷாக் 1983-இல் வந்ததே, விழுந்தாலும் உடையாத வாட்ச் வேண்டும் என்று ஒரு பொறியியலாளர் பிடிவாதமாக நின்றதால்தான். 200 மீட்டர் தாங்கும். வட்டமான பெரியது சட்டைக் கைக்குள் போகாது. சதுர மாடல் மெல்லியது, ஆபிஸுக்குள் போனாலும் உறுத்தாது.

ஆசிரியர், வங்கி, ஆபிஸ்: 36 முதல் 40 மில்லிமீட்டர், முழு ஸ்டீல், சோலார், 100 மீட்டர், எளிமையான முகம். ஒன்றுதான் வாங்க முடியும் என்கிறவருக்கு நான் சொல்வது இதுதான். மணிக்கட்டு மெலிந்தவர்கள் காது மணிக்கட்டைத் தாண்டி வெளியே நீட்டாததாகப் பாருங்கள்.

ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா, சேர்?

நடை எண்ணிக்கை, இதயத்துடிப்பு வேண்டுமானால் வாங்கலாம். வேலைக்கு அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். நனைந்த விரலுக்குத் திரை கேட்காது, சார்ஜ் போடும் நாளில் மின்சாரம் இல்லாமல் போகும், சில வருடத்தில் அதன் பெட்டரி தளர்ந்துவிடும். பரீட்சை மண்டபத்துக்குள்ளும் கொண்டுபோக முடியாது. பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் இதை மறக்காதீர்கள்.

எந்தக் கம்பெனி நல்லது? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிட்டிசன், சீக்கோ, கேசியோ மூன்றும் ஜப்பான். டைட்டன் தமிழ்நாட்டு ஓசூரில் பிறந்தது, 1984-இல் தொடங்கிய நிறுவனம். நான்கிலும் நல்லதும் உண்டு, சுமாரானதும் உண்டு. பெயரை விட, உங்கள் டவுனில் அதற்குப் பாகம் கிடைக்குமா, அதைத் திறக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதே முக்கியம். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் போட்டு வாங்குங்கள்.

முகத்தில் ‘ஜப்பான் மூவ்ட்’ என்று இருந்தால் மெசின் மட்டும் ஜப்பான், வாட்ச் எங்கும் செய்யப்பட்டிருக்கலாம். சின்ன வட்டங்கள் மூன்று இருந்தும் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் அசையாவிட்டால் அவை வெறும் படம். காசை வீணாக்காதீர்கள்.

டிஜிட்டல் வாட்சில் ஊர் கேட்கிறது, கொழும்பு இல்லையே?

டெல்லியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் ஒரே நேரம், கிரீனிச்சை விட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். நம் நாட்டில் 1996-இல் நேரத்தை முன்தள்ளி, 2006 ஏப்ரலில் திரும்ப ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள். ‘பழைய நேரமா, புது நேரமா’ என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்ட காலம் அது. ரேடியோ அலையில் தானே நேரம் திருத்தும் வாட்சுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அந்த அலை இங்கே எட்டாது.

கொழுந்து எடுக்கிற அம்மாவுக்கு முதல் சம்பளத்தில் ஒன்று வாங்கித் தர ஆசை. எது வாங்கலாம்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு மற்ற வேலை ஓடாது. நம் அம்மாமார் தொழிற்சாலைச் சங்கையும் வெயிலின் சாய்வையும் வைத்தே நேரம் பார்த்தவர்கள்.

பெரிய இலக்கம் உள்ள முள் வாட்சா, டிஜிட்டலா என்று அம்மாவிடமே கேளுங்கள். எடை குறைவாக இருக்கட்டும், நாள் முழுக்க கை ஆடிக்கொண்டே இருக்கும். 100 மீட்டர் கட்டாயம், ஏனென்றால் காலைப் பனியில் செடி முழுக்கத் தண்ணீர், நனைந்த கொழுந்துக்குள்தான் கை இருக்கும். ஸ்டீல் பட்டி வேண்டாம், கொப்பு மாட்டும், குளிரில் தோலைச் சுடும். மெல்லிய நைலோன் பட்டி வாங்குங்கள். நேரம் திருத்தும் சாவி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் கிளை பட்டு இழுபடும். உடம்புக்குள் கொஞ்சம் பதிந்த மாதிரி இருப்பதைத் தேடுங்கள். ‘இது போய் எதுக்குப்பா’ என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். தினமும் நீங்களே கட்டிவிட வேண்டியிருக்கும்.

வாங்கப் போகும்முன் ஒரு நூல் துண்டை எடுத்து அவர் மணிக்கட்டைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டு, பர்சுக்குள் வைத்துக்கொண்டு போங்கள். பெண்கள் வாட்ச் என்று கடையில் காட்டும் மெல்லிய பட்டி வேலை செய்து உருண்ட அந்தக் கைக்குப் பெரும்பாலும் எட்டாது.